வேலிக்கசப்பி

சஞ்சித்தின் உள்ளங்கையில் முள்கம்பி கிழித்த இடம் ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இராது. ஒரு காலத்தில் என்றால் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இப்போது அதற்காக அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையைத் தூக்கிக் கட்டி, கண்ணாடிக் கதவு போட்ட அறையில் படுக்க வைத்திருந்தார்கள். முதல் நாள் கை வீங்கியது. மறுநாள் காய்ச்சல் வந்தது. இன்று காலை மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு கிளம்பியிருந்தது. அந்தக் கோடு தோளைத் தொட்டால் என்ன ஆகும் என்று திருப்பூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவன் மனைவி மிருதுளா அதே ஆஸ்பத்திரியில் கிருமிகளைப் பரிசோதிக்கிற டாக்டர். அவளுக்கு எல்லோரையும்விட அதிகமாகத் தெரியும். அதனால் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தாள்.

மிருதுளா, வர்ஷினி, கீர்த்தனா என்பதெல்லாம் சம்பந்தியம்மாக்களின் பெயர்களாகிப்போய், பிறக்கிற குழந்தைகளுக்குப் பாவாயி, நாச்சிமுத்து என்று வைப்பது புது மோஸ்தராகிவிட்ட காலம் அது. அதற்குள் ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துவிட்டிருந்தன. சளிக்கும் சொறிக்கும் கோழிக்கும் மீனுக்கும் அவற்றை வாரி இறைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பலனை அனுபவிக்கப் பேரன் பேத்திகள் இருந்தார்கள். ஆண்கள் சவரக் கத்திக்குப் பயந்து தாடி வளர்த்தார்கள். காதுகுத்துக் கலியாணத்தில் தோட்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டு மொய் வாங்கினார்கள். பிரசவத்துக்குப் போகிற பெண் வீட்டில் எல்லோரையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

இதில் திருப்பூரின் பாடுதான் படுமோசம். ஊசியை நம்பிப் பிழைக்கிற ஊர். பனியன் கம்பெனிகளில் டைலர்கள் விரல்களுக்கு இரும்பு உறை மாட்டிக்கொண்டு தைத்தார்கள். அப்படியும் எங்கேயாவது ஒரு விரலில் ஊசி ஏறத்தான் செய்தது. ஏறினால் அந்த வரிசையில் இருக்கிற மெஷின்கள் எல்லாம் தாமாக நின்றுவிடும். யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊருக்கு நல்ல சேதி கொண்டுவந்தவர்களில் மிருதுளாவும் ஒருத்தி. வேலியோரம் படர்கிற ஒரு செடி. ஆடுகூட வாய் வைக்காது, அத்தனை கசப்பு, வேலிக்கசப்பி என்பார்கள். அதன் சாற்றைச் சுத்தம் செய்து, வேலை செய்யாமல் கிடந்த ஒரு பழைய மருந்தோடு கலந்து ஏற்றினால் மருந்து மறுபடி உயிர் பெற்றது. இரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் மட்டும் சோதனை முறையில் கொடுத்துவந்தார்கள். ஏற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். செடியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை.

அந்தக் கலவை மருந்துதான் சஞ்சித்துக்கும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகும் மிருதுளா ஏன் பயந்தாள் என்றால், பக்கத்து அறையில் வர்ஷினி இருந்தாள்.

வர்ஷினி, சஞ்சித்தின் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். போன வாரம் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது. அதே மருந்து. அதே சாறு. அவளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. விரல் கறுத்து, கை கறுத்து, நேற்றிலிருந்து ஆளைக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பதில்லை. இந்த மருந்து கேட்காத முதல் ஆள் அவள். சாறு பழசாகிவிட்டதோ என்று மிருதுளா புதிதாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதற்கும் கேட்கவில்லை. காரணம் தெரிந்த பயத்தை ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். இது காரணம் தெரியாத பயம்.

சஞ்சித்தின் காயத்திலிருந்தும் வர்ஷினியின் விரலிலிருந்தும் எடுத்த கிருமிகளைத் தனித்தனித் தட்டில் வளர்த்து, நடுவில் மருந்து வில்லையை வைத்து மூடியிருந்தாள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெறும் வட்டம் தெரியும். வேலை செய்யாவிட்டால் தட்டு முழுக்கப் பாசி பிடித்த மாதிரி கிடக்கும். அது மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். அதுவரை உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

வர்ஷினியின் அறைக்கு வெளியே அவள் அக்கா கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். அவளும் சஞ்சித்தின் கம்பெனிதான். செக்கிங் பிரிவில் மற்றவர்களை மேய்க்கிறவள். மடியில் ஒரு பிளாஸ்க் வைத்திருந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு வாய் கசாயம் உள்ள போச்சுன்னா எந்திரிச்சுருவாளுங்க. நர்ஸம்மா விடமாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மயக்கத்துல இருக்கறவங்களுக்கு வாயில எதுவும் ஊத்தக் கூடாதுங்க கீர்த்தனா. மூச்சுக்குழல்ல போயிரும்."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படீங்க? உங்கட வூட்டுக் கசாயந்தானுங்களே."

"எங்க வீட்டுக் கசாயமா?"

கீர்த்தனா பிளாஸ்கின் மூடியைத் திறந்தாள். அந்த வாசனை மிருதுளாவுக்குப் பழகியது. இரண்டு வருடமாகத் தன் சேலையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வாசனை. அதை அவள் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"மொதலாளிதானுங்க. கம்பெனிக்குப் பின்னால வேலி பூரா கெடக்குதே, அதைத் தெனமும் காலைல அவரே போயிப் பறிச்சு, அண்டாவுல கொதிக்க வெச்சு, எங்க எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்துவாருங்க. ஊசிக்காய்ச்சல் வராதுன்னு. ஒண்ணரை வருசமாக் குடிக்கறோம்." கீர்த்தனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வர்ஷினி சித்தெ நோஞ்சானுங்க. அவளுக்கு மட்டும் நான் எச்சா ஒரு டம்ளர் வாங்கி, மூக்கைப் புடிச்சு ஊத்தி உட்டுருவேன்."

மிருதுளா கசாயத்தில் நனைத்த பஞ்சு ஒன்றை மட்டும் பரிசோதனைக்கு என்று எடுத்துக்கொண்டு, சஞ்சித்தின் அறைக்கு வந்தாள். காரணம் தெரியவில்லையே என்று தவித்தவளுக்கு இப்போது காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. ரகசியத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது என்றால் புருஷனுக்குமா சொல்லக் கூடாது? ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே அவள்தான் சொன்னாள்.

"கிருமிக்குள்ள ஒரு மோட்டார் இருக்குன்னு வெச்சுக்குங்க மாமா. மருந்து உள்ள போகப் போக அது எறைச்சு எறைச்சு வெளிய ஊத்திருது. அதனாலதான் எந்த மருந்தும் நிக்க மாட்டேங்குது. இந்தச் செடிச் சாறு போயி அந்த மோட்டாரை அடைச்சுக்குது. அப்பறம் மருந்து உள்ளயே தங்கி வேலையைக் காட்டிருது."

"அடேங்கப்பா! அப்பச் செடிதான் பெரிய ஆளு."

"செடி தனியா ஒரு மண்ணும் பண்ணாது. ரெண்டும் ஒண்ணாப் போகோணும்."

முதல் பாதி அவன் மனதில் பசுமரத்தில் அடித்த ஆணியாக இறங்கியது. இரண்டாவது பாதி ரசத்தோடு கரைந்து போனது. சஞ்சித் கெட்டவன் இல்லை. தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்தால் தானே கடைக்குப் போய் நிறம் பார்த்து எடுக்கிற ஆள். பெண்டாட்டி கண்டுபிடித்த மருந்து தன் கம்பெனி வேலியிலேயே காடாக மண்டிக் கிடக்கும்போது அவனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

மிருதுளா அறைக் கதவைச் சாத்தினாள்.

"கம்பி எங்க கிழிச்சுது மாமா?"

"கம்பெனிலதான், சொன்னேனே."

"பின்பக்க வேலியிலயா?"

அவன் முகம் மாறியது. வீங்கிய கையைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"கீர்த்தனா சொல்லிட்டாளா?"

"ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?"

"மூலிகைதானே அம்மிணி. நல்லது பண்ணாட்டியும் கெட்டது பண்ணாதுன்னு..." அவன் உதடுகள் காய்ச்சலில் வெடித்திருந்தன. "ஊசி ஏறி ஒவ்வொருத்தியாப் போறதைப் பார்த்துட்டு என்னால இருக்க முடியலை. உன்கிட்டச் சொன்னா வேண்டாம்பே. அதான்."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஏன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்." கத்தக் கூடாது என்று நினைத்தாலும் குரல் ஏறிவிட்டது. "மருந்தே இல்லாம வெறும் சாறைத் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா அவங்க ஒடம்புல ஊத்தியிருக்கீங்க. அதுல எந்தக் கிருமியும் சாகாது மாமா. பழகிக்கும். மோட்டாரை அடைக்கறாங்களா, அடைப்பை எப்படி எடுக்கறதுன்னு ஒண்ணரை வருசம் உக்காந்து படிச்சிருக்குது. இனி அவங்களுக்கு நான் என்ன மருந்து போட்டாலும் எறைச்சு ஊத்திரும். வர்ஷினிக்கு அதான் கேட்கலை."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைகளின் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அப்போது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

"நீங்க எத்தனை டம்ளர் குடிச்சீங்க?"

அவன் போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டான்.

"மாமா, எனக்குத் தெரிஞ்சாகோணும். தெனமும் குடிச்சீங்களா?"

"திட்டாதே அம்மிணி."

"சொல்லுங்க."

"நான் குடிக்கலை." மிகவும் மெல்லிய குரலில் சொன்னான். "ஒரு வாய்கூடக் குடிச்சதில்லை. எனக்குக் கசப்பு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமே. மொத நாளு டம்ளரைக் கிட்டக் கொண்டுபோனதுக்கே குமட்டிருச்சு. அவங்க முன்னால குடிக்கற மாதிரி வாயில வெச்சுட்டு, ரூமுக்குப் போயி வாஷ்பேசின்ல ஊத்திருவேன்."

மிருதுளா அவன் நெஞ்சின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து என்னவோ செய்தாள். பிழைத்துக்கொண்டான். அவன் உடம்புக் கிருமி அந்தச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. மருந்து கட்டாயம் கேட்கும். அந்த நிமிடத்தில் அவளுக்குத் தன் புருஷனைத் தவிர உலகத்தில் வேறு யாரும் ஞாபகத்தில் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கீர்த்தனாவின் இருமல் கேட்ட பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். அவளுக்குத் தன்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மத்தியானம் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சஞ்சித்தின் தட்டில் வில்லையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டம், பளிங்கு மாதிரி. வர்ஷினியின் தட்டில் கிருமி வில்லையின் மேலேயே ஏறி வளர்ந்திருந்தது. பஞ்சில் எடுத்து வந்த கசாயத்தை மருந்தோடு சேர்த்து வர்ஷினியின் கிருமிக்கு விட்டும் பார்த்தாள். அது சட்டை செய்யவே இல்லை.

அன்று சாயங்காலம் வர்ஷினி போய்விட்டாள். கீர்த்தனா சத்தம் போட்டு அழவில்லை. தங்கையின் கறுத்த கையைத் தன் முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு, யாரும் தொட விடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சஞ்சித்துக்குச் சிவப்புக் கோடு கீழே இறங்கியது. காய்ச்சல் விட்டது. இட்டிலி கேட்டான். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று மிருதுளா அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கம்பெனியில இன்னும் நாப்பது பேர் இருக்காங்க மாமா. நாளைக்கு ஒருத்தி விரல்ல ஊசி ஏறுச்சுன்னா என்கிட்ட மருந்து இல்லை."

"இனிமே நிறுத்திட்டாக் கிருமி மறந்துருமா?"

"மறக்கலாம். தேவையில்லாத பாடத்தைக் கிருமி ரொம்ப நாள் சுமந்துட்டுத் திரியாது. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. ஆனா ஒருத்தர் விடாம எல்லாரும் நிறுத்தோணும். ஒருத்தி ரகசியமாக் குடிச்சாலும் அவகிட்ட இருந்து மத்தவங்களுக்கு வந்துரலாம். அதனால நீங்கதான் சொல்லோணும். உங்க வாயால சொன்னாத்தான் நம்புவாங்க."

"என்னன்னு சொல்லட்டும்?"

"இருக்கறதைச் சொல்லுங்க. நான் குடிக்கலை, அதனால பொழச்சேன். வர்ஷினி குடிச்சா, அதனால போயிட்டா."

அவன் தலையை ஆட்டினான்.

மறுநாள் காலை இருவரும் கம்பெனிக்குப் போனபோது, ஷிப்டு ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலுக்குள் கால் வைத்ததுமே மிருதுளாவுக்கு அந்த வாசனை வந்தது. அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. முதலாளி இல்லாத நாட்களில் வேலை நின்றுவிடக் கூடாது என்று கீர்த்தனா தானே பறித்து, தானே காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்பு நாற்பது பேர் நின்ற வரிசை இப்போது வாசலைத் தாண்டி, பக்கத்துக் கம்பெனி வரைக்கும் போயிருந்தது. எவர்சில்வர் டம்ளரும் கையுமாக, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, யார் யாரோ நின்றார்கள். சஞ்சித்தைப் பார்த்ததும் ஒரு சலசலப்பு ஓடியது. சிவப்புக் கோடு கிளம்பியும் பிழைத்து வந்த மனுஷன்! தினமும் அண்டாப் பக்கத்தில் நிற்கிறவன் பிழைக்காமல் வேறு யார் பிழைப்பார்கள்?

மிருதுளாதான் முதலில் பேசினாள். மோட்டார், அடைப்பு, பழகிப்போன கிருமி எல்லாவற்றையும் எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னாள். சஞ்சித் குடித்ததில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது. எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "சரிங்க டாக்டரம்மா" என்றார்கள். ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை.

கீர்த்தனா கையில் கரண்டியோடு சஞ்சித்தின் எதிரில் வந்து நின்றாள். ஒரே வாரத்தில் பத்து வயது கூடியிருந்தாள்.

"டாக்டரம்மா சொல்றது எனக்குச் சரியா வெளங்கலைங்க மொதலாளி. நீங்க சொல்லுங்க. உங்களுக்கும் எங்க வர்ஷினிக்கும் ஏத்துனது ஒரே மருந்துதானுங்களே?"

"ஆமா கீர்த்தனா."

"ரெண்டு பேரும் குடிச்சதும் இந்த ஒரே அண்டாவுக் கசாயந்தானுங்களே?"

அவன் கட்டுப் போட்ட கையை மற்ற கையால் மூடிக்கொண்டான்.

"கசாயம்தான் ஆகாதுன்னா நீங்களும் போயிருக்கோணும். நீங்க பொழச்சு வந்து நிக்கறீங்க." அவள் உதடு துடித்தது. "நான் அவளுக்கு எச்சா ஊத்துனேனுங்க மொதலாளி. மூக்கைப் புடிச்சு ஊத்துனேன். டாக்டரம்மா சொல்றதைக் கேட்டா, நானே எங்கையால எந்தங்கச்சியை... அப்படி ஆகுதுங்களே. அப்படி இல்லைதானுங்களே? நீங்களும் இதைத்தானே குடிச்சீங்க?"

சஞ்சித் மிருதுளாவைப் பார்க்கவில்லை. கீர்த்தனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எவனுக்கும் நாக்கு எழாதுதான். ஆனால் அவனுக்கு நாக்கு எழாததற்கு இரக்கம் மட்டும் காரணம் இல்லை. நாற்பது பேருக்கு ஊற்றியதைத் தான் வாஷ்பேசினில் கொட்டினான் என்பதை அந்த நாற்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"ஆமா கீர்த்தனா," என்றான். "ஒரே கசாயந்தான்."

"மாமா!" என்றாள் மிருதுளா.

கீர்த்தனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தங்கை செத்த அன்று வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. "அப்ப அவ விதி அவ்வளவுதானுங்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் நிறைய மொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி, சாமிக்கு முன்னால் நீட்டுவது போல அவனுக்கு நீட்டினாள். வரிசை முழுவதும் அவனைப் பார்த்தது. அவன் வலது கையில் கட்டு இன்னும் இருந்தது. இடது கையால் வாங்கி, மிருதுளா எட்டிப் பிடிப்பதற்குள், ஒரே மூச்சில் குடித்து முடித்தான். முகம் சுளிக்கவில்லை.

"டாக்டரம்மாவுக்கும் சித்தெ ஊத்தட்டுங்களா?" என்றாள் கீர்த்தனா. குரலில் குத்தல் இல்லை. மனசு லேசான ஒருத்தி அன்பாகக் கேட்கிற குரல்தான்.

மிருதுளா வரிசையைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த குழந்தைகளைப் பார்த்தாள். பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டால் கீர்த்தனா மிச்ச காலத்தை நிம்மதியாகக் கழிப்பாள். இந்தக் குழந்தைகளுக்கு மிச்ச காலம் இருக்காது.

"வேண்டாங்க கீர்த்தனா," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் குடிக்க மாட்டேன். அவரும் இன்னைக்குத்தான் மொத தடவையாக் குடிக்கறாரு."

சஞ்சித் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கீர்த்தனா அவன் கையிலிருந்த வெறும் டம்ளரைப் பார்த்தாள். பிறகு மிருதுளாவைப் பார்த்தாள்.

"இதை என்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாமுங்க," என்றாள்.

வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி டம்ளரைக் கவிழ்த்தாள். அவள் பின்னால் நின்றவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்க்கத் தொடங்கினாள். அதற்குப் பின்னால் நின்றவளும் பார்த்தாள். வெயில் மெல்ல வாசலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஷிப்டு மணி அடித்தது. யாரும் உள்ளே போகவில்லை.